பேரியத்துக்கு ரெண்டு

மட்டாஞ்சேரி பஜாரிலிருந்து பத்து நிமிஷ நடையில் இருந்த அந்தத் தனியார் கல்லூரியில் அட்டெண்டர்களுக்கு எழுதி வைக்காத சட்டம் ஒன்று இருந்தது. வகுப்பு நடக்கும்போது அவர்கள் வாய் திறக்கக்கூடாது. குடுவை கேட்டால் குடுவையைக் கொடுக்க வேண்டும், தண்ணீர் கேட்டால் தண்ணீர். குடுவை கையிலிருந்து விழுந்து உடைந்தால்கூட சத்தமில்லாமல் பொறுக்க வேண்டும். பேச்சி 1974 முதல் ஐந்து வருஷம் இந்தச் சட்டத்தை ஒழுங்காகக் காப்பாற்றினாள். 1979 ஆகஸ்டில் ஒரு நாள் அதை உடைத்தாள். உடைத்தது சரி என்பது என் கட்சி. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னிடம் நடுநிலைமை எதிர்பார்க்க வேண்டாம்.

அவள் குடும்பம் வெளி என்கிற பகுதியில், பொதுக் களத்தில் துணி துவைக்கிற குடும்பம். எந்தக் காலத்திலோ எந்தத் துரைக்கோ துவைப்பதற்காகத் தெற்கேயிருந்து கொச்சிக்கு வந்தவர்கள், அப்படியே தங்கிவிட்டார்கள். வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், சண்டை வந்தால் இரண்டும் கலந்து. பேச்சி பத்தாவது வரை மலையாளத்தில் படித்துத் தேறியிருந்தாள். பத்தொன்பது வயதில் இசக்கிமுத்துவைக் கட்டிக்கொண்டாள். அவன் இஸ்திரி போடுகிறவன். மாமியார் ஒச்சம்மாள் கஞ்சி போடுவதில் கெட்டிக்காரி. பேச்சிக்கு வந்த வேலை கறை எடுப்பது. மஞ்சள் கறை, வாழைக்கறை, துருக்கறை என்று எது வந்தாலும் அவள் பக்கம்தான் தள்ளுவார்கள்.

அந்தக் கறைதான் அவளைக் கல்லூரிக்குள் கொண்டுபோய் விட்டது. கெமிஸ்ட்ரி லேபின் வெள்ளைக் கோட்டுகள் அவர்கள் வீட்டுக்குத்தான் துவைக்க வரும். பெர்மாங்கனேட் சிந்திக் காய்ந்தால் கோட்டில் காப்பித்தூள் நிறத்தில் ஒரு கறை பிடிக்கும். சோப்புக்கும் போகாது, சோடாவுக்கும் போகாது. பேச்சி எலுமிச்சம்பழத்தை அரிந்து தேய்த்து, வெயிலில் போட்டு அலசினாள். கோட்டு வெளுத்துத் திரும்பிப் போனது. கெமிஸ்ட்ரி துறைத் தலைவர் அனந்தநாராயணன் அதைப் பார்த்துவிட்டு, "யார் எடுத்தா இதை?" என்று ஆள் விட்டுக் கேட்டார். அடுத்த வாரமே தினக்கூலிக்குப் பேச்சியை லேபில் குடுவை கழுவச் சேர்த்துக்கொண்டார். ஆளை அடையாளம் கண்டு எடுத்தது அவர்தான். அதை மறைக்கக்கூடாது.

பாலக்காட்டுக்காரர். வெள்ளை வேட்டி, நெற்றியில் மூன்று விரல் திருநீறு, கையில் எப்போதும் ஒரு முழுச் சாக்பீஸ். அவர் பாடம் எடுத்தால் பின் பெஞ்சில் இருக்கிற சோம்பேறிக்கும் புரியும். பேச்சி பக்கத்து அறையில் குடுவைகளைக் கழுவிக்கொண்டே ஐந்து வருஷம் அந்தப் பாடத்தைக் கேட்டாள். கை குடுவையில், காது சுவரில். அலமாரியில் இருந்த போத்தல்களின் லேபிளைப் படித்தே இங்கிலீஷ் எழுத்துகளைப் பழகினாள். அதற்குப் பிறகு அவளுக்குப் பிடித்துப்போனது ஆக்சிடேஷன் நம்பர்.

பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். இரண்டு மூன்று தனிமங்கள் சேர்ந்து ஒரு பொருளாகும்போது யார் எத்தனை எலக்ட்ரானைக் கொடுத்தார்கள், யார் எத்தனை வாங்கினார்கள் என்று சொல்கிற எண் அது. கொடுத்தால் பிளஸ், வாங்கினால் மைனஸ். எல்லாவற்றையும் கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும். தண்ணீரில் இரண்டு ஹைட்ரஜனும் ஆளுக்கு ஒன்று கொடுக்கிறது. ஆக்சிஜன் இரண்டையும் வாங்கிக்கொள்கிறது. அதனால் ஆக்சிஜனுக்கு மைனஸ் இரண்டு. பெர்மாங்கனேட்டை எடுத்தால் நாலு ஆக்சிஜனுக்கு மைனஸ் எட்டு, ஒரு பொட்டாசியத்துக்கு பிளஸ் ஒன்று, மிச்சமுள்ள பிளஸ் ஏழு மாங்கனீஸுக்கு. கோட்டில் காய்ந்த காப்பித்தூள் நிறக் கறையில் அதே மாங்கனீஸுக்கு பிளஸ் நாலு. எலுமிச்சம்பழம் தேய்த்து நிறமே இல்லாமல் தண்ணீரோடு போனபோது பிளஸ் இரண்டு. ஏழிலிருந்து நாலுக்கு வந்ததைத் தன் கையாலேயே இரண்டுக்கு இறக்கியிருக்கிறோம் என்று தெரிந்துகொண்ட அன்று பேச்சிக்குச் சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை. இசக்கிமுத்துவிடம் சொன்னாள். அவன், "அப்ப இனி எலுமிச்சம்பழம் வேண்டாமா?" என்று கேட்டான். அவன் அப்படித்தான்.

அதிலிருந்து லேபில் இருந்த ஒவ்வொரு போத்தலுக்கும் எண் போட ஆரம்பித்தாள். இஸ்திரி மேஜையில் விரித்த பழைய பேப்பரின் ஓரங்களில் எல்லாம் பிளஸ், மைனஸ். சில போத்தல்கள் அடம்பிடித்தன. அவற்றை விடமாட்டாள், சார் வகுப்பில் சொல்லும்வரை காத்திருந்து காது கொடுத்துப் பிடிப்பாள்.

1979 ஜூலையில் லேப் அசிஸ்டென்ட் வேலை ஒன்று காலியானது. நிரந்தர வேலை. எழுத்துத் தேர்வு வைப்போம், ஐம்பதுக்கு முப்பது எடுத்துத் தேறுகிறவர்களில் முதலாவதாக வருபவருக்குத்தான் வேலை என்று நிர்வாகம் அறிவித்தது. கேள்வித்தாள் அனந்தநாராயணன் தயாரித்தது, திருத்தியதும் அவரே. பேச்சியோடு வெளி ஆட்கள் இரண்டு பேர் எழுதினார்கள். அறிவிப்புப் பலகையில் முடிவு வந்தபோது அந்த இரண்டு பேருக்கும் இருபதைச் சுற்றி மார்க். பேச்சிக்கு இருபத்தொன்பது. ஒருவரும் தேறவில்லை.

இருபத்தொன்பது என்ற எண்ணை அவள் நம்பவில்லை. ஒவ்வொரு கேள்வியையும் மனதுக்குள் இரண்டு தடவை எழுதிப் பார்த்தாள். ஒன்றரை மணிக்கு சார் சாப்பிட்டுவிட்டுத் தனியாக இருக்கும் நேரம் பார்த்து அவர் அறைக்குப் போய், பேப்பரைப் பார்க்கலாமா என்று கேட்டாள். அவர் மறுக்கவில்லை. இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

ஆறாவது கேள்வி. இரண்டு பொருள்களில் உலோகத்தின் ஆக்சிடேஷன் நம்பரைக் கேட்டிருந்தார். முதலாவது PbO₂, ஈயம். அவள் பிளஸ் நாலு என்று எழுதியிருந்தாள், சரி போட்டிருந்தது. இரண்டாவது BaO₂, பேரியம். பிளஸ் இரண்டு என்று எழுதியிருந்தாள். அதன்மேல் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி.

"ஸாரே, இந்த பேரியம் தப்புப் போட்டிருக்கு."

"தப்பா எழுதினா தப்புன்னுதான் போடுவேன். ரெண்டு ஆக்சிஜன், மைனஸ் நாலு. அப்போ பேரியத்துக்கு பிளஸ் நாலு. மேலே ஈயத்துக்குச் சரியாத்தானே போட்டிருக்கே?"

"ஈயத்துக்கு நாலுதான் ஸாரே. இது பெராக்சைடு. நம்ம போத்தல் மேலயே எழுதியிருக்கு. இதுல ஆக்சிஜன் ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பிடிச்சிட்டு நிக்கும், ஒவ்வொண்ணுக்கும் மைனஸ் ஒண்ணுதான்னு நீங்கதானே சொன்னீங்க."

"உனக்கு எப்போ சொன்னேன்?"

"எனக்குச் சொல்லல. கிளாஸ்ல சொன்னீங்க."

அவர் பேப்பரை வாங்கிப் பார்த்தார். பார்க்கப் பார்க்க இரண்டு காதும் சிவந்துவிட்டன. அவருக்குப் புரிந்துவிட்டது என்று பேச்சிக்குத் தெரிந்தது. முந்தின தேர்வுகளில் ஈயம் மட்டும் கேட்டிருப்பார், இந்தத் தடவை பக்கத்தில் ஒன்று சேர்க்கலாமே என்று பேரியத்தை எழுதி, அதே கணக்கை ஓட்டிவிட்டார். முப்பது வருஷம் பாடம் எடுத்தவருக்கு ஒரு நிமிஷம் கை தவறியது. மனுஷனுக்கு வருகிற தவறுதான், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் குற்றம்.

"நான் பெராக்சைடுன்னு பேரு எழுதலை. ஃபார்முலா மட்டும்னா குடுத்திருக்கேன். ஃபார்முலாவைப் பார்த்து விதிப்படி கணக்குப் போட்டா நாலு."

"பேரியத்துக்கிட்ட குடுக்க ரெண்டுதானே ஸாரே இருக்கு? நாலு எங்கேருந்து குடுக்கும்?"

"சரி சரி. நாளைக்கு மேனேஜர் ரூமுக்கு வா. நான் சொல்லி வெக்கறேன்."

பேச்சி அதை நம்பினாள். திருத்திவிடுவார் என்று நினைத்தாள். சாயங்காலம் பள்ளுருத்தி பஸ்ஸுக்குக் காத்திருந்த தன் சிநேகிதி மாயம்மாளிடம், வேலை கிடைத்த மாதிரிதான் என்றுகூடச் சொல்லிவிட்டாள்.

மறுநாள் மேனேஜர் மேஜைமேல் டைப் அடித்த கடிதம் ஒன்று தயாராக இருந்தது. மலையாளத்தில்தான் இருந்தது, ஆகவே பேச்சிக்குப் படிக்க யாருடைய உதவியும் வேண்டியிருக்கவில்லை. விண்ணப்பதாரர் தேர்வில் தேறவில்லை. ஆயினும் துணி வெளுக்கும் பின்தங்கிய சமூகத்தைச் சேர்ந்தவர் என்பதைக் கருதி, துறைத் தலைவரின் பரிந்துரையின் பேரில் கருணை மதிப்பெண் ஒன்று வழங்கப்படுகிறது. அதை நன்றியுடன் ஏற்றுக்கொள்கிறேன். கீழே அவள் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

பார்த்தீர்களா வேலையை? தப்புப் பண்ணியது ஒருத்தர், கருணை வாங்க வேண்டியது இன்னொருத்தர். அதிலும் அவள் எழுதிய சரியான விடையை எடுத்து ஒளித்துவிட்டு, அவள் பிறந்த வீட்டைத் தூக்கி மேலே வைத்துவிட்டார்கள். இதை எழுதும்போதுகூட எனக்கு வயிறு எரிகிறது.

"ஒப்புப் போட்டுட்டுப் போ. பதினஞ்சு நாளுக்குள்ளே வேலையில சேரலாம்" என்றார் மேனேஜர். மோசமான ஆள் இல்லை. கோப்பு முடிந்தால் போதும் என்று நினைக்கிற ஆள்.

"இதுல ஒப்புப் போட முடியாது சார்."

"ஏன்? உனக்கு வேலை வேண்டாமா?"

"வேணும். அந்த மார்க்கு நான் எழுதின பதிலுக்கு வரவேண்டிய மார்க்கு. பதில் சரின்னு எழுதித் தாங்க, இப்பவே போடறேன்."

"சார் தப்புப் பண்ணிட்டாருன்னு நான் எழுதணுமா? எதா இருந்தா என்ன, மார்க்கு மார்க்குதானே?"

"அப்படீன்னா அது சரின்னு எழுதறதுல உங்களுக்கு என்ன கஷ்டம் சார்?"

மேனேஜர் கோப்பை மூடினார். பதினைந்து நாள் தருகிறேன், அதற்குள் கையெழுத்துப் போடாவிட்டால் தேர்வே ரத்து, பேப்பரில் புதிதாக விளம்பரம் போட்டு வெளி ஆளை எடுப்போம் என்றார். பேச்சி கடிதத்தை அவர் பக்கமே தள்ளி வைத்துவிட்டு வந்தாள்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் ஒச்சம்மாள் கஞ்சிப் பானையைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஏட்டி, உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? கவுரவமான ஜோலி. கைல வெச்சுக் குடுக்கறான், வேண்டாங்கறே!"

"தப்பான பேரை வெச்சுக் குடுக்கறாங்க அத்தை."

"எந்தப் பேர்ல வந்தா என்ன? நாலு வீட்டுல குடுத்ததைத் தின்னுதானே நம்மெல்லாம் வளந்தோம்."

"துவைச்சதுக்குத்தானே குடுத்தாங்க?"

ஒச்சம்மாள் கேட்கவில்லை, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். பேச்சிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அதற்குமேல் கோபம் வந்தது. பக்கத்தில் மடித்து வைத்திருந்த ஒரு வேட்டியை எடுத்துக் காட்டினாள்.

"இதுல துரு போகல. என்ன செஞ்சிருக்கோம்? கறை மேல தெரியறாப்புல மடிச்சு வெச்சிருக்கோம். அதுதானே நம்ம களத்து வழக்கம்? உள்ளே வெச்சு மடிச்சுக் குடுத்தா நீங்களே வேட்டிய என் மூஞ்சில எறிய மாட்டீங்களா? அவரு உள்ளே வெச்சு மடிக்கறாரு அத்தை. மடிச்சு என் தலைல வெக்கறாரு."

"அவரு பெரிய ஆளுட்டி."

"அதனாலதான் அவரு கறை இன்னும் பெருசா வெளிய தெரியணும்."

ஒச்சம்மாள் சமாதானமாகவில்லை. பதினைந்து நாளும் மருமகளோடு பேசாமல், சட்டியோடும் பானையோடும்தான் பேசினாள். இசக்கிமுத்து இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டான். "நீ பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு இஸ்திரிப் பெட்டிக்குக் கரி போடப் போய்விட்டான். அன்று பெட்டிக்கு எவ்வளவு கரி பிடித்தது என்று கேட்காதீர்கள்.

நாள் ஓடியது. பேச்சி வழக்கம்போல வேலைக்குப் போனாள். அனந்தநாராயணன் அவள் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார். குடுவை வேண்டுமென்றால் விரலால் காட்டினார். அவரிடம் இன்னொரு தடவை பேசிப் பார்க்கலாம் என்று இரண்டு நாள் அவர் அறை வாசலில் நின்றாள். "வேலை இருக்கு" என்று மட்டும் உள்ளேயிருந்து குரல் வந்தது.

பதிமூன்றாவது நாள் ப்ரீ-டிகிரி முதல் வருஷத்துக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு தயாரித்துக் காட்டும் வகுப்பு. ஒவ்வொரு வருஷமும் ஆகஸ்டில் வருகிற வகுப்பு, அதற்கு வேண்டியதை ஒவ்வொரு வருஷமும் எடுத்து வைக்கிறவள் பேச்சி. காலையில் போட் ஜெட்டி பக்கம் மீன் ஐஸ் கம்பெனியிலிருந்து மரத்தூள் ஒட்டிய ஐஸ்கட்டி வாங்கிக் கழுவி உடைத்தாள். நீர்த்த சல்ஃப்யூரிக் ஆசிடை ஐஸில் வைத்துக் குளிரவிட்டாள். அலமாரியிலிருந்து பேரியம் பெராக்சைடு போத்தலை இறக்கினாள். அதை இறக்கும்போதுதான் இன்று என்ன செய்யப்போகிறோம் என்பது அவளுக்கே தெரிந்தது.

எண்பது பிள்ளைகள். அனந்தநாராயணன் அன்றும் பிரமாதமாகப் பாடம் எடுத்தார். பேரியம் பெராக்சைடைக் குழைத்து, குளிர்ந்த ஆசிடில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தார். சுண்ணாம்புபோல வெள்ளையாக பேரியம் சல்ஃபேட் அடியில் தங்கியது. மேலே தெளிந்த தண்ணீரை வடிகட்டி, பெர்மாங்கனேட் இருந்த சோதனைக் குழாயில் விட்டார். நாவற்பழ நிறம் பொங்கிப் பொங்கிக் கண்ணெதிரே காணாமல் போனது. பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். அவர் சிரித்தார். பலகைப் பக்கம் திரும்பி சமன்பாட்டை எழுதினார். இடது பக்கம் பேரியம் பெராக்சைடும் ஆசிடும், வலது பக்கம் பேரியம் சல்ஃபேட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும்.

"சந்தேகம் இருந்தா கேக்கலாம்" என்றார்.

"எனக்கு ஒரு சந்தேகம் ஸாரே."

ஐஸ் தட்டைப் பிடித்தபடி மேஜையோரம் நின்ற பேச்சிதான். எல்லோருக்கும் விளங்கட்டும் என்று மலையாளத்திலேயே கேட்டாள். யாரோ சிரித்தார்கள், பிறகு சிரிப்பு நின்றது.

"வலது பக்கம் இருக்கிற பேரியத்துக்கு எத்தனை நம்பர் ஸாரே?"

"பேச்சி, வெளியே போ."

"போறேன். நம்பரைச் சொல்லுங்க, போறேன். சல்ஃபேட்டுக்கு மைனஸ் ரெண்டு. அப்ப வலது பக்கம் பேரியத்துக்கு ரெண்டு. அது எனக்குத் தெரியும். இடது பக்கம் எத்தனை? அங்கே நாலா இருந்தா, இந்தப் பக்கம் வரும்போது ரெண்டா எப்படிக் குறையும்?"

முன் பெஞ்சில் ஒரு பெண் நோட்டுப் புத்தகத்தில் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டாள். அனந்தநாராயணன் பலகையைப் பார்த்தார். அவர் கையெழுத்துதான், அழகான கையெழுத்து. நாலு என்று சொல்லியிருக்கலாம். எண்பது பிள்ளைகளில் எழுபத்தொன்பது பேர் நம்பி எழுதிக்கொண்டிருப்பார்கள். ஆனால் அவருக்கு வாய் வரவில்லை. கருணைக் கடிதம் எழுதத் தெரிந்த அந்த மனுஷருக்கு, சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு பொய் சொல்லத் தெரியவில்லை. இந்த ஒரு காரணத்துக்காக நான் அவரைப் பாதி மன்னித்துவிட்டேன். பேச்சி எவ்வளவு மன்னித்தாள் என்று எனக்குத் தெரியாது.

"ரெண்டு" என்றார்.

"ரெண்டு பக்கமும்?"

"ரெண்டு பக்கமும் ரெண்டுதான்."

"பரீட்சைப் பேப்பர்ல எழுதினாலும்?"

அவர் சாக்பீஸை மேஜைமேல் வைத்தார். "பேப்பர்லயும் ரெண்டுதான்."

பேச்சி ஐஸ் தட்டை இறக்கி வைத்துவிட்டு வெளியே போனாள். சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டுமே.

வகுப்பில் பேசியதற்காக அவளை இரண்டு வாரம் வேலைக்கு வரவேண்டாம் என்று நிறுத்தி வைத்தார்கள். அந்த இரண்டு வாரமும் களத்தில் நின்று துவைத்தாள். ஒச்சம்மாள் இப்போது பேச ஆரம்பித்திருந்தாள், பேச்செல்லாம் திட்டுதான். பதினைந்து நாள் கெடு முடிந்தது. விளம்பரம் வந்துவிட்டதா என்று தினமும் சாயாக்கடையில் பேப்பரைப் புரட்டிப் பார்த்தாள். உள்ளே பயம்தான். பயமில்லாதவள் என்று நான் சொன்னால் அது பொய். ஆனால் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கலாமே என்று ஒரு தடவைகூட அவளுக்குத் தோன்றவில்லை. இதை அவளே என்னிடம் சொன்னாள்.

விளம்பரம் வரவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை கல்லூரியிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டான்.

மேனேஜர் அறையில் அனந்தநாராயணனும் உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் அவளுடைய விடைத்தாள். பெருக்கல் குறியை அடித்து, பக்கத்தில் சரி போட்டு, தன் கையெழுத்தையும் தேதியையும் போட்டிருந்தார். மொத்தம் முப்பது. அதன் பக்கத்தில் ஒரு புதுக் கடிதம். தேர்வில் ஐம்பதுக்கு முப்பது பெற்றுத் தேறியதால் லேப் அசிஸ்டென்டாக நியமிக்கப்படுகிறார் என்று இருந்தது. பேச்சி நின்றபடியே கடைசி வரிவரைக்கும் படித்தாள். மேலே போய் இன்னொரு தடவை படித்தாள். கருணையும் இல்லை, துணியும் இல்லை, நன்றியும் இல்லை.

வகுப்பில் பேசியதற்கு ஒரு மன்னிப்பாவது எழுதிக் கொடு என்றார் மேனேஜர். பேச்சி ஒரு தாள் கேட்டு வாங்கி, அனுமதியில்லாமல் வகுப்பில் பேசியது என் தவறு என்று எழுதினாள். என்ன பேசினாள் என்பதைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை. மேனேஜர் அதைப் படித்துவிட்டு, போதும் என்று கோப்பில் வைத்துக்கொண்டார்.

கையெழுத்துப் போடப் பேனா தேடினாள். அனந்தநாராயணன் தன் பேனாவைத் திறந்து நீட்டினார். நாலு வாரத்துக்குப் பிறகு அன்றுதான் அவள் முகத்தைப் பார்த்தார்.

"நான்னா உன்னை இங்கே கொண்டுவந்தேன், பேச்சி. எண்பது பேர் முன்னாலயா கேக்கணும்? எங்கிட்ட தனியா வந்து கேட்டிருக்கப்படாதோ?"

"தனியாத்தான் ஸாரே மொதல்ல கேட்டேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பேச்சி பேனாவை வாங்கித் தன் பெயரை முழுசாக எழுதினாள்.